சைபர் கல்லுக்கு அந்தப் பக்கம்

உன் டேப் என் மேஜை மேல் இருக்கிறது. முப்பது மீட்டர் துணி டேப், வட்டமான தோல் உறை, சுற்றுவதற்குப் பித்தளைக் கைப்பிடி. உறையைத் திறந்தால் சுண்ணாம்பு வாடையும் உன் புகையிலை வாடையும் சேர்ந்து வருகின்றன. ஐப்பசியில் போனாய், இப்போது பங்குனி. வாடை இன்னும் போகவில்லை. இரண்டு வாரமாக இதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். முப்பத்துச் சொச்சம் வருஷம் மைப் பேனாவால் கோடு இழுத்த கைக்கு வேறு வேலை ஓடவில்லை.

உன் மகள் கிரேஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பையில் இந்த டேப், இரண்டு பிரஷ், சிவப்புத் துணிக் கிழிசல்கள், அட்டை பிய்ந்த நோட்டு ஒன்று. என் வீட்டுக்காரி காப்பி போட உள்ளே போனதும் கிரேஸ் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பாத்தவுக. அப்பா எதுக்கு அந்த மழையில அங்கன போனாக?"

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஊருக்குச் சொன்ன அதே பதிலைத்தான் அவளுக்கும் சொன்னேன். பழக்கதோஷம் என்றேன். ஓய்வு பெற்ற பிறகும் உனக்கு ரோட்டை விட மனசில்லை என்றேன். அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பையை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நோட்டைப் பிரித்தேன். அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், நீதானே எழுதினாய். அதற்கு நான் பின்னால் வருகிறேன். முதலில் அந்த ரோட்டின் கதையை ஒரு தரம் ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் தவறினேன் என்று எனக்கே தெளிவாக வேண்டும்.

மதுரைப் பக்கமிருந்து வந்த நெடுஞ்சாலை ஒரு காலத்தில் ஊருக்குள் நுழைந்துதான் திருச்சுழிப் பக்கம் போனது. பஞ்சு லோடும் நூல் மூட்டையும் மில் பஸ்ஸும் கடைவீதியில் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும். சேவுக் கடை வாசலில் நிற்கிறவன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கையை நீட்டிப் பொட்டலம் கொடுக்கலாம். அப்புறம் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வந்தது. நெடுஞ்சாலையின் எண்ணும் அதோடு வெளியே போய்விட்டது. ஊருக்குள் மிஞ்சிய துண்டுக்கு மேலிடத்தில் ஏதோ இரக்கப்பட்டுத் தனியாக ஓர் எண் கொடுத்தார்கள். திருச்சுழி முக்கில் தொடங்கிப் பாளையம்பட்டியில் முடியும் ரோடு, மூன்று கிலோமீட்டரும் கொஞ்சமும். நம் பட்டியலிலேயே குட்டி நெடுஞ்சாலை அதுதான். ஆய்வுக்கு வந்த பெரிய பொறியாளர் ஒருவர், ஜீப் மூன்றாவது கியருக்குப் போவதற்குள் ரோடு முடிந்துவிட்டதே என்று சிரித்தார். உனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் நீ அந்த ரோட்டுக்குச் சாலை ஆய்வாளர், நான் அதே அலுவலகத்தில் வரைவாளர். உனக்கு வெயில், எனக்கு ஃபேன். அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஊர்க்காரர்கள் அதை 'மூணு கல்லு ரோடு' என்பார்கள். நீ விடமாட்டாய். டீக்கடையில் யார் சொன்னாலும் திருத்துவாய். "சைபர் கல்ல விட்டுட்டீகளே. அதோட சேத்து நாலு." சைபர் என்று எழுதிய கல்லை யாரும் கல்லாக எண்ணுவதில்லை. ஆனால் மற்ற மூன்றையும் அதிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று டம்ளரையும் தட்டையும் வரிசையாக வைத்துக் காட்டுவாய். டீக்கடைக்காரர் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் காத்து நிற்பார்.

வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் நாலு கல்லுக்கும் நீயே வெள்ளையடிப்பாய். சாலைப் பணியாளர்கள் இருந்தும் பிரஷ்ஷை விட்டுக் கொடுக்கமாட்டாய். உடம்பு வெள்ளை, தலை பச்சை, எழுத்து கருப்பு. மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சைத் தலைதான் அடையாளம். பூஜையன்று டேப்பை நீயே கொண்டுவந்து எங்கள் வரிசையில் வைப்பாய். வேதக்காரனுக்கு ஆயுதபூஜை எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, டேப்புக்கு எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்றாய். உறையின் மூடியில் அந்தக் குங்குமம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

பிறகு உத்தரவு வந்தது. ஊருக்குள் இருக்கும் துண்டுச் சாலைகளை நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும், எண்ணை நீக்க வேண்டும். ஒப்படைப்பதற்கு ஒரு வரைபடம் வேண்டும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இடையில் எத்தனை பாலம், எத்தனை கல். வரைபடத்தில் இருப்பது கைமாறும். இல்லாததை இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வரைபடம் என் மேஜைக்கு வந்தது.

சித்திரை மாத மத்தியானம். நீ தலையில் துண்டோடு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். முந்தின வருஷம் நீ குடலிறக்க ஆபரேஷனுக்கு லீவில் இருந்த சமயத்தில் திருச்சுழி முக்கை அகலப்படுத்தியிருந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து உனக்கு அந்த இடத்தைப் பற்றி ஏதோ உறுத்தல்.

"ஏலே, வா, ஒருக்கா டேப்பப் பிடிச்சிட்டு வந்துருவோம். சைபர் கல்லு கொஞ்சம் உள்ள வந்த மாதிரி இருக்கு."

"கல்லுக்குக் காலா முளைச்சிருக்கு? போவியா, வெயில்ல மண்ட காஞ்சு போச்சு உனக்கு."

இதை நான் சொன்னேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. நோட்டைப் படித்த அன்றுதான் ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். டேப்பைப் பிடிக்காமல் எதையும் எழுதாதே என்று எப்போதும் சொல்கிறதை ஒரு தரம் சொல்லிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போனாய். நான் முந்தின நாள் சாயங்காலம் வண்டியில் அந்த வழியே போனபோது, இறங்காமலே கல்லைப் பார்த்திருந்தேன். அது போதும் என்று நினைத்தேன். கல் இருந்த இடத்தில் சைபர் போட்டு, அங்கிருந்து கோட்டை இழுத்தேன். அழகான கோடு.

வரைபடம் மேலே போய், உத்தரவாகத் திரும்பி வந்தது. அந்த எண் பட்டியலிலிருந்து போய்விட்டது. நாலு கல்லின் பச்சைத் தலையையும் அழிக்க வேண்டிய வேலை உன் தலையில் விழுந்தது. சைபர் கல்லுக்கு முன்னால் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து பச்சையின் மேல் வெள்ளை பூசிக்கொண்டிருந்தபோது நான் வடை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு பூச்சுக்கும் பச்சை உள்ளேயிருந்து தெரிந்தது. மூன்றாவது பூச்சு பூசினாய். வடையை வாங்கிக்கொண்டு, கல்லைப் பார்க்காமல், அதற்குக் கிழக்கே இருந்த சிறு பாலத்தையே பார்த்துக்கொண்டு தின்றாய். ரோடு போய்விட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மூன்று மாதத்தில் நான் ஓய்வு பெற்றேன். கூட்டத்தில் மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள். என் சர்வீஸில் ஒரு வரைபடம்கூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை என்று மைக்கில் சொன்னேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நீதான் முதலில் கைதட்டினாய். நீ ஆரம்பித்ததால்தான் மற்றவர்கள் தட்டினார்கள்.

நீயும் அடுத்த வருஷம் வெளியே வந்தாய். அதற்குள் ஒரு லாரி உரசி அந்தச் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பாதி விழுந்துவிட்டது. நீ ஒவ்வோர் அலுவலகமாக மனு எழுதிக் கொடுத்தாய். நகராட்சியில் எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். புறவழிச்சாலைக்காரர்கள் எங்கள் எல்லை முக்கோடு சரி என்றார்கள். இரண்டு பேரும் காட்டியது என் வரைபடத்தைத்தான். நீ ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி உடைந்த இடத்தில் நட்டாய். நம் கரிசக்காட்டில் மழை வருவதே அபூர்வம், வந்தால் மொத்தமாக வரும். கிழக்குக் காட்டுத் தண்ணீர் அத்தனையும் அந்தப் பாலத்துக்கு அடியில்தான் கண்மாய்க்குப் போக வேண்டும். ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாது. வானம் கருத்தால் போதும், நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பாய். நான் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆளில்லாத பாலத்துக்கு அதிகாரி வாராரு, வழி விடுங்க என்பேன். நீ ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. எப்படி முடிந்தது உன்னால்?

போன ஐப்பசியில், சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு, மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. சாய்ந்துபோன கம்பை நேராக நட நீ ஓரத்துக்குப் போயிருக்கிறாய். ஊறிய மண் உன்னோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அரை மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திருச்சுழியில் வேலை முடித்து கிரேஸ் வந்த பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. கூட்டமாக இருக்கிறதே என்று பார்க்க இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

இனி எழுதப் போவதை நீ கேட்டிருக்க வழியில்லை. நீ பெட்டிக்குள் இருந்தாய். கல்லறைக்குப் போய் வந்து, உன் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உன் மேல் ஆத்திரம். அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்த ஆத்திரம். சுற்றி இருபது பேர் இருக்க, சத்தமாகச் சொன்னேன்.

"ரிட்டையர் ஆனவன் ரிட்டையர் ஆனவனா இருக்கணும். அவனுக்கு அங்கன என்ன சோலி?"

வாசற்படியில் கிரேஸ் நின்றதை நான் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அதோடு விட்டேனா? பத்து நாள் கழித்து, அந்தப் பாலம் யாருடையது என்று விசாரிக்கத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். என் பீரோவிலிருந்து வரைபடத்தின் நகலை எடுத்து மேஜையில் விரித்து, இந்த ரோட்டில் அப்படி ஒரு பாலமே இல்லை என்று பெருமையாகக் காட்டினேன். தனக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குத் தானாகவே போய் விழுந்து இறந்தார் என்று அவர் எழுதிக்கொண்டு போனார். அந்தத் தாளின் நகல் உன் மகளிடம் இருக்கிறது. உன்னைப் பற்றி அரசாங்கம் கடைசியாக எழுதிய வாக்கியம் அதுதான். அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

நோட்டுக்கு வருகிறேன். முதல் பக்கங்களில் எல்லாம் நம் வழக்கமான அளவுகள். நடுவில் ஒரு பக்கம். நீ கல்லில் எழுதுவதைப்போலவே நிறுத்தி எழுதியிருந்தாய். பழைய கிணற்று மேடையில் வெட்டிய சர்வே அம்புக்குறியிலிருந்து அளந்தேன். சைபர் கல் இடம் மாறியுள்ளது. முக்கை அகலப்படுத்தியபோது பிடுங்கி, பதினான்கு மீட்டர் ஊர்ப்பக்கம் நட்டிருக்கிறார்கள். இடையில் சிறு பாலம். வரைபடத்தில் வரவில்லை.

அதற்குக் கீழே ஒரே வரி. "அவனுக்கு இன்னும் மூணு மாசம்தான். முடியட்டும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் யார் என்று இரண்டு தரம் யோசித்தேன், நம்புவாயா? அவன் நான்தான் என்று விளங்கியபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் மல்லிகைக்காரி கூவிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரி ஏதோ கேட்டாள். சத்தம் கேட்டது, அர்த்தம் வரவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். "முடிந்தது. கூட்டத்தில் நன்றாகப் பேசினான். இனி எப்படிச் சொல்ல?" அதற்குப் பிறகு மழைக்காலத்துக்கு மழைக்காலம் ஒரே மாதிரி வரிகள். இன்று மழை. சிவப்புத் துணி கட்டினேன். இன்று மழை. துணி கட்டினேன். கடைசி வரி போன ஐப்பசியில். அதில் கம்பு சாய்ந்திருக்கிறது, நாளை சரிசெய்ய வேண்டும் என்று இருந்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. டீக்கடையில் நான் உன்னை அதிகாரி என்று கூவியபோதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ கைதட்டியபோது தெரிந்திருக்கிறது. எனக்கு மெமோ வந்துவிடக் கூடாது என்று மூன்று மாதம் பொறுத்தாய், அப்புறம் என் பெருமை உடைந்துவிடக் கூடாது என்று சாகும்வரை பொறுத்தாய். இப்படி ஒரு காரியத்தை யாராவது செய்வார்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே. நன்றி என்று எழுத வரவில்லை. எனக்கு உன் மேல் கோபம் அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது.

மூன்று நாள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நோட்டைக் கொளுத்திவிடலாமா என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன். கிரேஸ் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது. அந்த வாக்கியம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், செத்தவனுக்கு என்ன என்று நினைத்தேன். அப்புறம் தினமும் காலையில் அவள் பஸ்ஸில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள் என்பது நினைவுக்கு வந்தது. போனில் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி முக்குக்கு வரச் சொன்னேன்.

காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். கிணற்று மேடையில் அம்புக்குறி இருந்தது, பாசி காய்ந்து கருத்துப்போய். அதிலிருந்து உன் நோட்டுப்படி அளந்து, உண்மையான சைபர் எங்கே என்று கண்டுபிடித்தோம். அவளை அங்கே டேப்பின் முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கட்டை விரலால் வளையத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்தாள், நீ பிடிப்பதைப்போலவே. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் டேப்பை விட்டுக்கொண்டே நடந்தேன். பாலம் வந்தது. உடைந்த சுவரில் உன் சிவப்புத் துணி வெளுத்து ரோஸ் நிறத்தில் கிடந்தது. பாலத்தைத் தாண்டிக் கல்லுக்கு வந்து குனிந்து பார்த்தேன். பதினான்கு.

அத்தனை வருஷத்துக்கு முன்னால் அந்த மத்தியானம் நான் எழுந்து வந்திருந்தால் இதற்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

நின்ற இடத்திலிருந்தே அவளிடம் சொன்னேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பதினான்கு மீட்டர் டேப் கிடந்தது. கல் நகர்ந்தது, நீ அளக்கக் கூப்பிட்டாய், நான் போகவில்லை, அளக்காமல் வரைந்தேன், அதனால்தான் இந்தப் பாலம் யாருக்கும் இல்லாமல் போனது என்று சொன்னேன். பந்தலில் பேசியதும் விசாரணையில் காட்டியதும் தெரியாமல் செய்தவை, ஆனால் செய்தவன் நான்தான் என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் வளையத்தைத் தரையில் வைத்தாள். எழுந்து பாலத்துக்கு வந்து, அந்தத் துணியை அவிழ்த்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தத் தாளுல எங்கப்பா பேரு இருக்கு மாமா. அதுல உங்க பேர எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளைத் தாளில், என் கையால். எல்லா அலுவலகத்துக்கும் ஒவ்வொரு நகல், விசாரித்துப் போனவருக்கும் ஒன்று. என் வரைபடம் பிழை, அளக்காமல் வரைந்தேன், இறந்தவர் பிழையைக் கண்டுபிடித்து அந்த இடத்தைக் காவல் காத்தவர் என்று எழுதினேன். வாங்கிய பையன் ஒருத்தன் இரண்டு தரம் படித்துவிட்டு, சார், இத நீங்களே குடுக்குறீகளா என்று கேட்டான். ஆமாம் என்றேன். என்ன வரும் என்று தெரியாது. பாலம் கட்டுவார்களா, எப்போது கட்டுவார்கள் என்றும் தெரியாது. நோட்டையும் பையில் இருந்த மற்றதையும் கிரேஸ் வாங்கிக்கொண்டாள். டேப் மட்டும் வேண்டாம் என்று என்னிடமே விட்டுவிட்டாள். என்னோடு முன்னைப்போல் பேசுவதில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

நேற்றுச் சாயங்காலம் தென்கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை. வீட்டில் இருந்த சிவப்புத் துண்டைக் கிழித்து, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீக்கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒருவன் கேட்டான், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக.

"பெரியவரே, உங்களுக்கு அங்கன என்ன சோலி?"

நின்று திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. நீ எப்படிச் சிரித்தாய் என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

"அது என் பாலம்யா" என்றேன்.